மனிதவளத் துறையில் முதல் வேலை: புதிய பட்டதாரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏன் எச்.ஆர். துறைக்கு வர நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், புதிதாகப் பட்டம் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எனக்கு மனுஷங்களோட பழகப் பிடிக்கும்." பொய்யில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. மனிதர்களோடு பழகுவது விற்பனையிலும் உண்டு, வகுப்பறையிலும் உண்டு. எச்.ஆரில் முதல் இரண்டு வருடம் நீங்கள் அதிகம் பழகப்போவது எக்செல் ஷீட்டோடும் ஆஃபர் லெட்டரோடும் வருகைப் பதிவோடும்தான். பெயரில் ஓர் எழுத்து மாறினால், சேரும் தேதி ஒரு நாள் தவறினால், சம்பளத்தில் ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போனால், அது இன்னொருவர் வாழ்க்கையில் போய் இடிக்கும். ஆகவே இந்தத் துறையில் நுழைய வேண்டியவை இரண்டு: பிழை விடாத கை, கட்டுப்பாடான வாய். மற்றதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம், இந்த இரண்டும் உங்களிடம் உண்டு என்பதை வேலை கிடைப்பதற்கு முன்பே எப்படிக் காட்டுவது என்பதைப் பற்றியவை.

படி 1: யாருக்காக வேலை செய்யப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எச்.ஆருக்கு இரண்டு பிறப்புக் கதைகள் உண்டு. அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் 1901இல் பெரிய தொழில் தகராறு நடந்தது. அது ஓய்ந்த பிறகு, தொழிலாளர் குறைகளையும் பணிநீக்கங்களையும் கவனிக்க அங்கே ஒரு தனிப் பிரிவு அமைத்தார்கள். பணியாளர் துறையின் தொடக்கம் என்று பலரும் காட்டுவது அதைத்தான். பிரிட்டனில் 1913இல், யார்க் நகரில், தொழிற்சாலைகளில் தொழிலாளர் நலனைப் பார்த்துவந்தவர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பலமுறை பெயர் மாறி அதுவே இன்று சி.ஐ.பி.டி. என்ற தொழில்முறை அமைப்பாக இருக்கிறது. ஒன்று நிர்வாகத்தைத் தகராறிலிருந்து காக்கப் பிறந்தது, மற்றது தொழிலாளியின் நலனுக்காகப் பிறந்தது. இன்றும் ஒவ்வொரு எச்.ஆர். நாற்காலியிலும் இந்த இரண்டு பேரும் நெருக்கியடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எச்.ஆர். ஊழியர் பக்கமா, கம்பெனி பக்கமா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: சம்பளம் தருவது கம்பெனி, ஆகவே கம்பெனியின் ஆள்தான். ஆனால் அந்தக் கம்பெனி சட்டத்தை மீறாமல், ஆளுக்கொரு நியாயம் பேசாமல் நடக்கிறதா என்று பார்ப்பதும் அதே வேலையில் சேர்ந்தது. ஊழியர் நம்பி வந்து சொன்ன ஒன்றை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டிய நாள் வரும். நிர்வாகம் எடுத்த முடிவை, உங்களுக்கே பிடிக்காவிட்டாலும், ஊழியரிடம் போய்ச் சொல்ல வேண்டிய நாளும் வரும். இது ஒத்துவராது என்று தோன்றினால் இப்போதே வேறு துறை பார்ப்பது நல்லது. இதைச் சொல்வதால் உங்களை விரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தெரியாமல் வந்து ஆறு மாதத்தில் கசந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

அன்றாட வேலை என்று பார்த்தால், ஒருவர் விண்ணப்பம் போடும் நாளிலிருந்து கடைசி நாளன்று அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்வரை நடப்பதெல்லாம் எச்.ஆர்.தான்: ஆள் எடுப்பது, சேர்த்துக்கொள்வது, சம்பளம், விடுப்பு, பயிற்சி, ஆண்டு மதிப்பீடு, புகார், ஒழுங்கு நடவடிக்கை, விலகல். பெரிய நிறுவனங்கள் இதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கும். அன்றாடக் கோரிக்கைகளைக் கவனிக்கும் பொதுச் சேவைப் பிரிவு ஒன்று, சம்பள அமைப்பு, பயிற்சி போன்றவற்றுக்கான நிபுணர் குழு ஒன்று, ஒவ்வொரு தொழில் பிரிவோடும் ஒட்டி நிற்கும் பிசினஸ் பார்ட்னர்கள் இன்னொன்று. 1990களில் அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் டேவ் உல்ரிக் முன்வைத்த கருத்துகளிலிருந்து கிளைத்த அமைப்பு இது. சிறிய நிறுவனத்திலோ இத்தனையும் ஒருவர் தலையில், பல நேரம் கணக்கு வேலையோடு சேர்த்து.

படி 2: நுழையும் கதவைத் தேர்ந்தெடுங்கள்

ஃபிரெஷருக்குத் திறந்திருக்கும் கதவுகள் நான்கு.

முதலாவது ரெக்ரூட்மென்ட் ஏஜென்சி. மற்ற நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை. அனுபவம் கேட்காமல் எடுப்பார்கள். நாள் முழுக்கப் போன், வாராவாரம் டார்கெட், ஆள் சேர்ந்தால் இன்சென்டிவ். உண்மையில் இது பாதிக்கு மேல் விற்பனை வேலை. பேச்சுத் திறனும், "வேண்டாம்" என்று கேட்டுக் கேட்டுச் சலிக்காத மனமும் இங்கே வளரும். ஆனால் விடுப்புக் கொள்கை, சம்பளக் கணக்கு, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் கண்ணில் படாது.

இரண்டாவது, ஒரு நிறுவனத்துக்குள்ளேயே ரெக்ரூட்மென்ட் கோ-ஆர்டினேட்டர். நேர்காணல் நேரம் குறிப்பது, விண்ணப்பதாரர்களுக்குப் பதில் போடுவது, ஆஃபர் லெட்டர் தயாரிப்பது. ஏஜென்சி அளவு நெருக்கடி இல்லை, அந்த அளவு வேகமும் வராது.

மூன்றாவது எச்.ஆர். ஆபரேஷன்ஸ் அல்லது பே ரோல், அதாவது ஊழியர் பதிவுகளையும் சம்பளக் கணக்கையும் கவனிக்கும் வேலை. பெயரைக் கேட்டாலே பலருக்குக் கொட்டாவி வரும். இரண்டு வாய்ப்பு கையில் இருந்தால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒரு நிறுவனம் எப்படி இயங்குகிறது, பணம் எங்கே போகிறது, எந்தப் பிரிவில் ஆள் நிற்பதில்லை, எந்த மேலாளர் விடுப்பே தருவதில்லை என்பதெல்லாம் முதலில் தெரிவது இந்த நாற்காலிக்குத்தான். பிற்காலத்தில் கொள்கை எழுத உட்காரும்போது, நடைமுறை தெரிந்தவர் எழுதுவதற்கும் தெரியாதவர் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நான்காவது, பெரிய நிறுவனங்கள் நடத்தும் பட்டதாரிப் பயிற்சித் திட்டங்கள். சில மாதத்துக்கு ஒரு பிரிவு என்று சுற்றிக் காட்டுவார்கள். கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் இடங்கள் குறைவு, போட்டி அதிகம், பெரும்பாலும் படிப்பு முடிவதற்கு முன்பே விண்ணப்ப நாள் முடிந்துவிடும். இதை மட்டுமே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

படி 3: படிப்பும் சான்றிதழும்

மனிதவள மேலாண்மையில் பட்டம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் குடி முழுகிப்போகாது. உளவியல், வணிகவியல், சட்டம், சமூகப் பணி, ஆங்கில இலக்கியம் என்று எங்கிருந்தெல்லாமோ இங்கே வந்திருக்கிறார்கள். பொறியியல் படித்தவர்கள் தரவுப் பக்கம் எளிதில் நிலைத்துவிடுகிறார்கள்.

சான்றிதழ்களில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். எச்.ஆர். சான்றிதழ் வழங்கும் எச்.ஆர்.சி.ஐ. என்ற அமெரிக்க அமைப்பின் ஏ.பி.எச்.ஆர். 2016இல் தொடங்கியது. எச்.ஆர். அனுபவமே இல்லாதவர்களை நினைத்து உருவாக்கியது என்பதால் ஃபிரெஷருக்குப் பொருந்தும். 1948இல் அமெரிக்காவில் தொடங்கிய எஸ்.எச்.ஆர்.எம். அமைப்பு நடத்தும் எஸ்.எச்.ஆர்.எம்.-சி.பி. தேர்வில் சூழ்நிலைக் கேள்விகள் நிறைய வரும். வேலையில் கொஞ்ச நாள் இருந்தவருக்கே அவை பிடிபடும். சி.ஐ.பி.டி.யில் நிலை 3 அடிப்படை, நிலை 5 இடைநிலை, நிலை 7 மேல்நிலை. பிரிட்டனிலும் அதன் வழியைப் பின்பற்றும் இடங்களிலும் விளம்பரத்திலேயே இதைக் கேட்பார்கள். ஏ.பி.எச்.ஆரும் எஸ்.எச்.ஆர்.எம்.-சி.பி.யும் வாழ்நாளுக்கானவை அல்ல, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வேலை தேடும் ஊரில் வந்திருக்கும் எச்.ஆர். விளம்பரங்களில் ஓர் இருபதை எடுத்து, எத்தனையில் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஃபிரெஷர் வேலைகளில் அது இருபதில் ஒன்றிரண்டுதான் என்றால், அந்தப் பணத்தையும் நேரத்தையும் அடுத்த படியில் போடுங்கள்.

படி 4: கைவேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு ஃபிரெஷரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்தப் பகுதிதான்.

எக்செல்லில் தொடங்குங்கள். வி-லுக்கப் அல்லது எக்ஸ்-லுக்கப் (பட்டியலிலிருந்து விவரத்தைத் தேடி எடுப்பது), கவுன்ட்-இஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை எண்ணுவது), தேதிக் கணக்குகள், பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை). இந்த நான்கும் கைக்கு வந்தால் முதல் வருடத்துக்குப் போதும். ஆனால் ஃபார்முலா தெரிவது வேறு, கணக்கு புரிவது வேறு. ஒரு சின்ன உதாரணம். 30 நாள் உள்ள மாதத்தில் ஒருவர் 11ஆம் தேதி சேர்கிறார். எத்தனை நாளுக்குச் சம்பளம்? 30இல் 11ஐக் கழித்து 19 என்று எழுதுபவர்கள் நிறைய. சேர்ந்த நாளும் வேலை நாள்தான், ஆகவே 20. மாதச் சம்பளம் 30,000 என்றால் அந்த மாதம் 20,000. இதோடும் முடியவில்லை. அந்த நிறுவனம் காலண்டர் நாளை வைத்து வகுக்கிறதா, வேலை நாளை மட்டும் வைத்து வகுக்கிறதா? அதைக் கேட்காமல் கணக்கே போடக்கூடாது. "கொள்கை என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்பேன்" என்று நேர்காணலில் சொல்லும் ஃபிரெஷரை எடுக்க யாருக்கும் தயக்கம் இருக்காது.

அடுத்தது அட்ரிஷன், அதாவது ஆட்கள் விலகிப்போகும் விகிதம். வருடத் தொடக்கத்தில் 200 பேர், முடிவில் 220 பேர், நடுவில் விலகியவர்கள் 21 பேர். சராசரி 210, விகிதம் 10%. சூத்திரம் அவ்வளவுதான். ஆனால் அந்த 10% மட்டும் யாருக்கும் எதையும் சொல்லாது. 21 பேரில் எத்தனை பேர் தாமாகப் போனார்கள், எத்தனை பேரை நிறுவனம் அனுப்பியது? அவர்களில் 12 பேர் சேர்ந்த 90 நாளுக்குள் போனவர்கள் என்றால், எடுக்கும்போது சொன்ன வேலை ஒன்று, உட்கார வைத்துக் கொடுத்த வேலை வேறு என்று சந்தேகப்பட வேண்டும். ஒன்பது பேர் ஒரே மேலாளரிடம் இருந்தவர்கள் என்றால் கதை வேறு. எண்ணைப் பிரித்துப் பார்க்கிற இந்தப் பழக்கத்துக்குத்தான் இப்போது பீப்பிள் அனலிட்டிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பழகிப் பார்க்கத் தரவு வேண்டுமா? ஐ.பி.எம். உருவாக்கிய ஒரு கற்பனை ஊழியர் பட்டியல், தரவுத் தொகுப்புகளைப் பகிரும் காகிள் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1,470 பேர், ஒவ்வொருவருக்கும் 35 விவரங்கள். அதில் விலகியவர்கள் 237 பேர், சுமார் 16%. பிவட் டேபிளில் ஓவர்டைம் என்ற கட்டத்தை இழுத்துப் போட்டால், ஓவர்டைம் பார்த்த 416 பேரில் 127 பேர் விலகியிருக்கிறார்கள் என்று தெரியும், அதாவது 30%க்கும் மேல். பார்க்காத 1,054 பேரில் 110 பேர், 10% சொச்சம். உண்மை நிறுவனத்தின் தரவு இல்லை என்பதால் இதிலிருந்து உலகத்தைப் பற்றி முடிவு கட்ட முடியாது. ஓவர்டைம்தான் காரணம் என்றும் உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த அட்டவணையைப் போட்டு, அடியில் "இதை வைத்து நான் அடுத்துக் கேட்கும் மூன்று கேள்விகள்" என்று எழுதி ஒரு பக்கமாக வைத்துக்கொண்டால், நேர்காணலில் காட்ட ஒரு பொருள் ஆயிற்று.

பிறகு சட்டம். தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் இடத்தின் சட்டத்தில் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், விடுப்பு, மகப்பேறு, பணிநீக்க நோட்டீஸ், சமூகப் பாதுகாப்புப் பிடித்தம், பாலியல் தொல்லைப் புகார் ஆகிய ஏழு விஷயங்களையும் மூல வடிவிலேயே படியுங்கள். யூடியூப் சுருக்கம் போதாது. பின்னணிக்கு, 1919இல் தொடங்கிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஒப்பந்தங்களைப் புரட்டலாம். சம ஊதியம் பற்றியது 100ஆம் ஒப்பந்தம் (1951), பாகுபாடு பற்றியது 111 (1958), வேலையிடத்து வன்முறை, தொல்லை பற்றியது 190 (2019). பல நாட்டுச் சட்டங்களின் அடிநாதம் இவற்றில் கேட்கும்.

கடைசியாக எழுத்து. எச்.ஆர். அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலும் என்றாவது ஒருநாள் ஒரு விசாரணைக் கோப்பில் போய் உட்காரலாம் என்ற நினைப்போடு எழுதப் பழக வேண்டும். சுருக்கமாக, கோபமில்லாமல், தேதியோடு. "நீங்கள் அடிக்கடி தாமதமாக வருகிறீர்கள்" என்று எழுதினால் சண்டைதான் வரும். எந்தெந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தார், வர வேண்டிய நேரம் எது என்று எழுதினால் அது பதிவு.

மென்பொருள் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வொர்க்டே, எஸ்.ஏ.பி. சக்சஸ்ஃபாக்டர்ஸ், ஆரக்கிள் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்று இருக்கும், உள்ளே போன பிறகு கற்றுத் தருவார்கள்.

படி 5: அனுபவம் இல்லாத இடத்தில் அனுபவம் உண்டாக்குங்கள்

இன்டர்ன்ஷிப் கிடைத்தால் போங்கள். மூன்று மாதம் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்யச் சொன்னாலும் பரவாயில்லை. கண் திறந்திருந்தால் அந்தக் கோப்புகளிலேயே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது.

கிடைக்காவிட்டால், ஆள் எடுப்பதும் சேர்ப்பதும் நடக்கும் இடங்கள் வேறு நிறைய உண்டு. தன்னார்வ அமைப்புக்குத் தொண்டர்களைத் தேர்ந்தெடுத்து, அறிமுக வகுப்பு நடத்தி, யார் எந்த நாள் வருவார் என்று அட்டவணை போட்டால் அது எச்.ஆர். வேலைதான். கல்லூரி விழாக் குழுவுக்கு நாற்பது பேரைப் பிரித்து, நடுவில் கோபித்துக்கொண்டு போன இரண்டு பேரைத் திரும்ப அழைத்து வந்ததும் எச்.ஆர். வேலைதான். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு நிறுவனங்களில் பல இடத்தில் விடுப்புக் கணக்குக்கு ஒரு ஒழுங்கான ஷீட் கூட இருக்காது. தெரிந்தவர் நிறுவனம் என்றால், "ஒன்று போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பயிற்சியும் செய்யலாம். ஏதாவது ஒரு வேலையை எடுத்து, அதற்கு ஒரு நேர்காணல் வினாத்தாள் தயாரியுங்கள். எல்லோருக்கும் அதே ஐந்து கேள்வி, அதே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்ற விளக்கம். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஆள் தேர்வு முறைகளைப் பற்றி 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, மனம்போனபடி பேசும் நேர்காணலைவிட இப்படி வடிவமைத்த நேர்காணல் நல்ல ஆளைக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தது. 2022இல் சாக்கெட்டும் அவர் குழுவினரும் அந்தக் கணக்குகளைத் திரும்பச் சரிபார்த்தார்கள். பல முறைகளின் மதிப்பு இறங்கியது, வடிவமைத்த நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. இத்தனைக்குப் பிறகும் "பார்த்தவுடனே தெரிஞ்சிடும்" என்று சொல்லும் மேலாளர்கள் குறையவில்லை. அவர்களுக்கு நடுவில்தான் வேலை செய்யப்போகிறீர்கள்.

படி 6: ரெஸ்யூமே

ஒரு பக்கம். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் போச்சு. மற்ற துறைகளில் மன்னிப்பார்கள், ஆஃபர் லெட்டர் அடிக்கும் வேலைக்கு மன்னிக்க மாட்டார்கள்.

"நல்ல தகவல் தொடர்புத் திறன், குழுவாகப் பணியாற்றும் ஆர்வம்" போன்ற வரிகளை அடியோடு எடுத்துவிடுங்கள். எல்லா ரெஸ்யூமேயிலும் அதே வரிதான் இருக்கும். அதற்குப் பதில்: "விழாக் குழுவுக்கு வந்த 120 விண்ணப்பங்களை வடிகட்டி 40 பேரைத் தேர்ந்தெடுத்தேன், எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், கடைசி நாள்வரை நின்றவர்கள் 36 பேர்." செயல், அளவு, விளைவு மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. எண்கள் உங்களுடையதாக, கேட்டால் விளக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஏ.டி.எஸ். என்ற விண்ணப்ப மென்பொருள் ரெஸ்யூமேக்களைத் தானாகவே தூக்கியெறிந்துவிடும் என்று பேய்க்கதைகள் உலவுகின்றன. அது முதன்மையாக விண்ணப்பங்களைச் சேமித்து, வரிசைப்படுத்தி, தேடிக் கொடுக்கும் கருவி. தானாக வெளியே தள்ளுவது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தின் ஆம்-இல்லை கேள்விகளில்தான்: இங்கே வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, இந்த ஷிப்டுக்கு வர முடியுமா என்பன போல. ஆகவே அந்தக் கேள்விகளை நிதானமாக நிரப்புங்கள். ரெஸ்யூமேயில் அட்டவணை, படம், பக்கத்தை இடம் வலமாகப் பிரிக்கும் இரண்டு பத்தி அமைப்பு வேண்டாம், மென்பொருள் தடுமாறும். விளம்பரத்தில் "ஆன்போர்டிங்" (புதியவரை வேலையில் சேர்த்துப் பழக்குவது) என்று இருந்தால் நீங்களும் அதே சொல்லைப் போடுங்கள்.

இயந்திரம் வடிகட்டும்போது வரும் சிக்கலையும் எச்.ஆருக்கு வருபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமேசான் சோதித்துப் பார்த்த ஒரு தேர்வுக் கருவி பெண்களின் ரெஸ்யூமேக்களைக் கீழே தள்ளியது, அந்த நிறுவனம் அதைக் கைவிட்டது என்று 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பழைய தேர்வுகளைப் பார்த்துக் கற்ற இயந்திரம், பழைய சாய்வையும் சேர்த்துக் கற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆள் எடுக்கப் பயன்படும் இத்தகைய கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்ற வகையில் வைத்திருக்கிறது. மனிதர்கள் மட்டும் யோக்கியம் என்றில்லை. அமெரிக்காவில் பெர்ட்ரண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஏறத்தாழ 5,000 ரெஸ்யூமேக்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். கறுப்பினத்தவர் பெயர் போலத் தோன்றியவற்றைவிட வெள்ளையர் பெயர் போலத் தோன்றியவற்றுக்கு 50% அதிக அழைப்பு வந்தது என்று 2004இல் எழுதினார்கள்.

படி 7: தேடுங்கள், ஏமாறாதீர்கள்

"எச்.ஆர்." என்று மட்டும் தேடினால் அனுபவசாலிகளுக்கான வேலைகளே முன்னால் நிற்கும். எச்.ஆர். அசிஸ்டென்ட், எச்.ஆர். அட்மினிஸ்ட்ரேட்டர், பீப்பிள் ஆபரேஷன்ஸ், டேலன்ட் அக்விசிஷன் கோ-ஆர்டினேட்டர், பே ரோல் அசிஸ்டென்ட், லேர்னிங் கோ-ஆர்டினேட்டர் என்று தனித்தனியாகத் தேடுங்கள். பெயரைவிட விளம்பரத்தின் உள்ளே எழுதியிருக்கும் வேலையைப் படியுங்கள். "எச்.ஆர். எக்சிகியூட்டிவ்" என்று தலைப்புப் போட்டுவிட்டு, உள்ளே நாளொன்றுக்கு எண்பது போன் கால் என்று இருந்தால் அது டெலிகாலிங்.

லிங்க்ட்இன்னில் எச்.ஆர். ஆட்களுக்கு எழுதும்போது "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று தொடங்க வேண்டாம். தினமும் அதைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர் வேலையைப் பற்றிக் குறிப்பாக ஒரு கேள்வி கேளுங்கள், பதினைந்து நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் பதில் போட்டாலும் லாபம்.

பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சி டெபாசிட், சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் ஒப்பந்தம், வேலை தேடுபவரிடம் தனியார் ஏஜென்சிகள் கட்டணம் வாங்கக்கூடாது என்பதைப் பொது விதியாகவே வைத்திருக்கிறது, விலக்குகள் சில மட்டுமே.

படி 8: நேர்காணல்

உங்களை நேர்காணல் செய்பவர் அதைத் தொழிலாகவே செய்பவர் என்பதை மறக்க வேண்டாம். மனப்பாடப் பதில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். "ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்று கேட்டால் சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லுங்கள். "நாங்கள் செய்தோம்" என்று சொல்லிக்கொண்டே போனால், "அதில் நீங்கள்?" என்று கேட்பார்கள்.

ஃபிரெஷரை உண்மையில் எடைபோடுவது சூழ்நிலைக் கேள்விகள். மூன்றைப் பார்ப்போம்.

ஓர் ஊழியர் வந்து, "யார்கிட்டயும் சொல்லாதீங்க, என் மேனேஜர் என்னைத் தொந்தரவு பண்றார்" என்கிறார். "கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன்" என்பது இனிமையான பதில், தவறான பதில். தொல்லைப் புகாரைக் கேட்ட பிறகு எச்.ஆர். பேசாமல் இருக்க முடியாது. "இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களிடம் மட்டும் கொண்டுபோவேன், யாரிடம் சொல்லப்போகிறேன் என்று உங்களிடம் முதலில் சொல்வேன். ஆனால் யாரிடமும் சொல்லவே மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்" என்பதுதான் சரி. இதை அவர் விவரம் சொல்லத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், கேட்டு முடித்த பிறகு அல்ல.

ஒரு மேலாளர், "இந்த வேலைக்குக் கல்யாணம் ஆன பெண் வேண்டாம்" என்கிறார். சட்டப்பிரிவைச் சொல்லி வாயை அடைத்தால் அவர் அடுத்த முறை மனதுக்குள்ளேயே வடிகட்டிக்கொள்வார். "இந்த வேலையில் என்ன சிரமம்?" என்று கேளுங்கள். ராத்திரி ஷிப்டு, மாதம் பத்து நாள் பயணம் என்று ஏதாவது வெளியே வரும். அப்படியென்றால் அதை விளம்பரத்திலேயே போடுவோம், ஆணோ பெண்ணோ வருகிற எல்லோரிடமும் "முடியுமா?" என்று ஒரே மாதிரி கேட்போம், திருமணத்தைப் பற்றி யாரிடமும் கேட்க மாட்டோம் என்று முடிக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மேலதிகாரியிடம் எழுத்தில் கொண்டுபோக வேண்டும்.

ஆட்குறைப்புப் பட்டியலில் உங்கள் நண்பர் பெயர் இருக்கிறது, அவர் நாளை வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடப்போகிறார். சொல்வீர்களா? சொல்லக்கூடாது. ஆனால் "சொல்ல மாட்டேன்" என்று விறைப்பாக நிற்பதோடு பதில் முடிவதில்லை. எனக்கும் அவருக்கும் உள்ள நட்பை மேலதிகாரியிடம் முன்பே தெரிவித்து, அந்தப் பட்டியல் வேலையிலிருந்து விலக்கி வைக்கும்படி கேட்டிருப்பேன் என்று சொல்பவருக்குத்தான் இந்த வேலை புரிந்திருக்கிறது.

உங்கள் முறை வரும்போது நீங்களும் கேளுங்கள்: எச்.ஆர். குழுவில் எத்தனை பேர், மொத்த ஊழியர் எத்தனை? எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் எங்கே போனார்? சம்பள விஷயத்தில் ஒரு பிழை வந்தால் யார் சரிபார்ப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், உள்ளே நிலைமை எப்படி என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஆஃபர் வந்ததும் முழுதாகப் படியுங்கள். எண்ணில் எழுதிய சம்பளமும் எழுத்தில் எழுதியதும் ஒன்றா, கைக்கு வருவது எவ்வளவு, புரொபேஷன் என்ற தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலகுவதற்கு முன் சொல்ல வேண்டிய நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பாண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாரத்திலிருந்து இதே கடிதத்தை மற்றவர்களுக்கு நீங்கள்தான் அடிக்கப்போகிறீர்கள்.

படி 9: முதல் 90 நாள்

முதல் மாதம் கொள்கைப் புத்தகத்தை முழுக்கப் படியுங்கள். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் அதைப் படித்திருக்க மாட்டார்கள், ஆகவே சீக்கிரமே "அவங்களைக் கேளு" என்று உங்கள் பக்கம் கை காட்டுவார்கள். தெரியாத கேள்விக்கு ஊகித்துப் பதில் சொல்ல வேண்டாம். "பார்த்துவிட்டு நாளை சாயங்காலத்துக்குள் சொல்கிறேன்" என்று சொல்லி, நாளை சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள். விவரம் கிடைக்கவில்லை என்றாலும், கிடைக்கவில்லை என்பதைச் சொல்லுங்கள்.

மற்றவர் சம்பளம் கண்ணில் படும். கூடப் படித்தவர் உங்களைவிட அதிகம் வாங்குவதும் படும். வீட்டில்கூட வாய் திறக்கக்கூடாது. திரையைப் பூட்டாமல் எழுந்து போவது, சம்பளப் பட்டியலைப் பிரின்டரில் விட்டுவிடுவது, மின்னஞ்சலில் தவறான பெயரைத் தட்டி அனுப்புவது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான ரகசியக் கசிவுகளுக்குக் காரணம், யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஊழியர் விவரம் உள்ள கோப்பை அனுப்பும் முன் பெறுபவர் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிய இடைவேளையில் எந்தக் கூட்டத்தோடு உட்காருவது என்ற சங்கடமும் வரும். எல்லோரோடும் உட்காரலாம். ஊழியர்களைப் பற்றிய பேச்சு தொடங்கினால் மட்டும் உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்கக்கூடாது.

வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். தயாரிப்புக் கூடமோ, கால் சென்டரோ, கிடங்கோ, எதுவானாலும் ஒரு முழு ஷிப்டு அங்கே நில்லுங்கள். விடுப்பு விண்ணப்பங்கள் ஏன் திங்கட்கிழமையே குவிகின்றன என்பதற்கு எச்.ஆர். அறையில் விடை கிடைக்காது.

படி 10: இரண்டாம் வருடத்துக்கு மேல்

ஒன்றரை இரண்டு வருடத்தில் ஒரு கிளையைப் பிடிக்க வேண்டியிருக்கும். கணக்கு பிடித்தவர்களுக்குச் சம்பள அமைப்பும் அனலிட்டிக்ஸும், மேடை பிடித்தவர்களுக்குப் பயிற்சிப் பிரிவு, சட்டமும் சச்சரவும் பயமுறுத்தாதவர்களுக்கு ஊழியர் உறவு. பிசினஸ் பார்ட்னர் என்ற பெயர் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் மேலாளர்களோடு சரிக்குச் சரி வாதாட அவர்கள் தொழிலின் லாப நட்டம் தெரிய வேண்டும் என்பதால், அவசரப்பட்டு அங்கே போனவர்கள் மீட்டிங் குறிப்பெழுதும் ஆளாக நின்றுவிடுவதைப் பார்க்கிறோம்.

வேலை மாறுவதென்றால், முதல் இடத்தில் ஒரு முழுச் சுழற்சியைப் பார்த்துவிட்டு மாறுங்கள்: ஓர் ஆண்டு மதிப்பீடு, ஒரு சம்பள உயர்வு, ஓர் ஆண்டுக் கணக்கு முடிப்பு. இரண்டாம் முறை அதே சுழற்சி வரும்போது எதை மாற்றிச் செய்தீர்கள் என்று சொல்ல முடிந்தால், அடுத்த ரெஸ்யூமேயின் முதல் வரி அதுதான். கிளம்பும்போது ஊழியர் விவரம் உள்ள ஒரு கோப்புகூட உங்கள் பென் டிரைவிலோ சொந்த மின்னஞ்சலிலோ போகக்கூடாது. நீங்களே செய்த வெற்றுப் படிவங்கள் வேண்டுமென்றால், மேலதிகாரியிடம் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.